தனி அறையும் பொது நத்தமும்: கலைக் கண்காட்சியும் உடற்குறையுடையோரும்

நத்தம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றின் ஆலய மண்டபத்தில் ஓவியக் கண்காட்சி ஒன்று நடைபெற்றது. பள்ளிப் பிள்ளைகள் தீட்டிய படங்கள் சுவரெங்கும் மாட்டப்பட்டிருந்தன. பார்வையற்ற முதியவர் ஒருவர் பேத்தியின் தோளைப் பற்றிக்கொண்டு மூன்று படிகளேறி உள்ளே வந்தார். முதற்படத்தின் முன் நின்று, “என்னம்மா இருக்கு?” என்று கேட்டார். “படம், தாத்தா” என்றாள் சிறுமி. அடுத்த படத்தின் முன்னும் அதே கேள்வி, அதே விடை. நாங்கள் பலர் அருகில் நின்றோம். அவருக்கு நாற்காலி கொடுத்தோம், தேநீர் கொடுத்தோம். படத்தை மட்டும் கொடுக்கவில்லை.

கண்காட்சி என்னும் சொல்லே கலையைக் கண்ணுக்குரியதாக வரையறுத்துவிடுகிறது. அவ்வரையறை சரியானதுதானா என்பதே இக்கட்டுரை ஆராய விரும்பும் கேள்வி. சட்டத்தைப் பொறுத்தவரை விடை தெளிவானது. 2006ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, பண்பாட்டு வாழ்வில் பங்குபெறுவதை உடற்குறையுடையோரின் உரிமையாக ஏற்கிறது. இந்தியா 2007இல் அவ்வுடன்படிக்கையை உறுதிசெய்தது. நமது நாட்டின் 2016ஆம் ஆண்டுச் சட்டமும் தன் 29ஆம் பிரிவில், கலையை இவர்கள் அணுகத்தக்கதாக்குவது அரசின் கடமை என்கிறது. ஆகவே இது இரக்கத்தின் பொருளன்று, நீதியின் பொருள். எனினும், சட்டம் கதவைத் திறக்கலாமேயன்றி, கலை யாருக்குரியது என்னும் நம் எண்ணத்தை மாற்றிவிட முடியாது.

அவ்வெண்ணத்தை அசைக்கும் சான்று ஒன்று நம் நாட்டிலேயே உண்டு. சாந்திநிகேதனத்து ஓவியர் பினோத் பிகாரி முகர்ஜி (1904–1980) பிறவியிலேயே ஒரு கண்ணில் பார்வையற்றவர். மறுகண்ணிலும் பார்வை மிகக் குறைவு. அந்நிலையில்தான் அவர் 1946–47இல் இந்தி பவனச் சுவர்களில் இடைக்கால அடியார்களின் வாழ்வைப் பெருஞ்சுவரோவியமாகத் தீட்டினார். 1957இல் கண் அறுவைக்குப்பின் எஞ்சிய பார்வையும் போயிற்று. அவர் கலையைக் கைவிடவில்லை. காகிதத்தை வெட்டி ஒட்டினார். மெழுகில் உருவங்கள் பிசைந்தார். 1972இல் கலாபவனத்தில் ஓடுகளாலான சுவரோவியம் ஒன்றையும் படைத்தார். சத்யஜித் ராய் அவரைப் பற்றி ஒரு குறும்படமும் எடுத்தார். கண்ணை இழந்தவன் கலையைப் படைக்கக்கூடுமாயின், கலையைத் துய்க்க முடியாது என்று நாம் எவ்வாறு முடிவுகட்டினோம்?

இனி, நம் அருங்காட்சியகங்களின் முயற்சியைச் சீர்தூக்குவோம். புதுதில்லி தேசிய அருங்காட்சியகம் 2015இல் ‘அனுபவ்’ என்னும் தொட்டுணர் கூடத்தை அமைத்தது. கலைப்பொருள்கள் 22இன் பிரதிகள் கையால் தொட்டறியுமாறு அங்கே வைக்கப்பெற்றன; பிரெயில் எழுத்தும் ஒலிவிளக்கமும் சேர்க்கப்பெற்றன. இது பாராட்டத்தக்க தொடக்கம். ஆயினும் ஒரு குறையை நாம் சொல்லியே ஆகவேண்டும். தொடுவோர்க்கு ஒரு கூடம், காண்போர்க்கு வேறு கூடங்கள் என்னும் அமைப்பு, பிரிவினையை நீக்காமல் அதனை அழகுபடுத்திவிடும் ஆபத்துடையது.

நத்தத்தில் வாழ்வோர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. நத்தம் என்பது ஓர் ஊரின் பெயர் மட்டுமன்று. ஊரார் குடியிருப்பதற்கென ஒதுக்கப்பட்ட நிலத்தைக் குறிக்கும் வருவாய்த்துறைச் சொல்லுமாகும். ஆனால் பழைய பதிவேடுகளில் ஊர் நத்தம் வேறு, சேரி நத்தம் வேறு. சேரியாருக்கும் நிலம் கொடுக்கப்பட்டது, ஆனால் எல்லைக்கு அப்பால். தனி அறையில் தரப்படும் உரிமை எத்தகையது என்பதை இவ்வரலாறு நமக்குக் கற்பித்திருக்கிறது. பார்வையுள்ள பேத்தியும் பார்வையற்ற தாத்தாவும் ஒரே சிலையின் முன் ஒன்றாக நிற்கவேண்டும். இருவரும் அதனைப் பற்றித் தம்முள் உரையாடவேண்டும். அதுவே பொது நத்தம்.

மூலச்சிலைகளைத் தொடவிட இயலாது என்பர் காப்பாளர், அதில் உண்மையுண்டு. வியர்வையிலுள்ள உப்பு வெண்கலத்தை அரிக்கும். ஆனால் அவ்வெண்கலம் பிறந்த விதத்தை எண்ணிப் பார்ப்போம். சுவாமிமலை ஸ்தபதி முதலில் மெழுகில் உருவைப் பிடிக்கிறார். அதன்மேல் மண் பூசிச் சுட்டு, மெழுகு உருகியோடிய வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கிறார். சிலையின் முதல் வடிவம் விரல்கள் அறிந்த வடிவமே. எனவே, சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலுள்ள திருவாலங்காட்டு நடராசரை உணர்த்த நார்க்கண்ணாடிப் பிரதி போதாது. அது கோட்டைத் தரும், குளிர்ச்சியையும் கனத்தையும் தராது. அதே முறையில் வார்த்த வெண்கலப் பிரதியை மூலத்தின் அருகிலேயே வைத்தால், பார்வையுள்ளோரும் அதைத் தொட்டுப் புதிதாக அறிவர்.

திருச்சபைக்கு இதில் பங்கில்லையா? பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோர்க்கும், புளாரன்ஸ் சுவெய்ன்சன் அம்மையார் செவிப்புலனற்றோர்க்கும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே பள்ளிகளைத் தொடங்கினர். அம்மரபின் வழிவந்த நாம், நம் மண்டபங்களில் படங்களை மாட்டும்போது அப்பிள்ளைகளை நினைப்பதில்லை. நம் ஆலயங்கள் படிகளின்மேல் நிற்கின்றன. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் 1 அடி உயரத்திற்கு 12 அடி நீளம் இருக்கவேண்டும். அரையடிப் படிகள் மூன்று இருந்தால் 18 அடிச் சாய்தளம் வேண்டும். இது கட்டடக் குழுவின் ஒரு மாதத் தீர்மானமேயன்றிப் பெருந்திட்டமன்று. அமர்ந்திருப்பவர் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் படங்களை மாட்டுவதற்கும், குறிப்புகளைப் பெரிய எழுத்தில், எளிய தமிழில் எழுதுவதற்கும், சைகைமொழி அறிந்த ஒருவரை அழைப்பதற்கும் பணத்தைவிட நினைவே தேவை.

ஓவியத்தைச் சொல்லால் விளக்குவதும் பயிலவேண்டிய பணியே. முதலில் படத்தின் அளவு. பின்பு எது எங்கே இருக்கிறது என்பது. அதன்பின் நிறமும் ஒளியும். நம் கருத்தைக் கடைசியில் வைக்கவேண்டும், அல்லது கேட்பவரிடமே விட்டுவிடவேண்டும். பிறவியில் பார்வையற்றவர்க்கு நிறம் எதற்கென்று விலக்குதல் தவறு. மஞ்சளும் சிவப்பும் நம் மொழியில், திருவிழாவில், துக்கத்தில் கலந்தவை. அவற்றின் பொருளை அவரும் அறிவார். மறைபொருளைச் சொல்லால் காட்டுவதையே தொழிலாகக் கொண்ட ஆயர்களுக்கு இது அந்நியமான கலையன்று.

அன்று அம்மண்டபத்தில் இருந்த ஒரு படத்தில், புளியமரத்தடியில் ஆடு ஒன்று தன் குட்டியைத் தேடி நின்றது. வலப்புறம் வேலிக்கப்பால் குட்டி இருந்தது. ஆடு இடப்புறம் பார்த்துக்கொண்டிருந்தது. இவ்வளவையும் சொல்ல அரை நிமிடம் போதும். முதியவர் மூன்று படிகளையும் ஏறி வந்து அதைத்தான் கேட்டார். நாம் சொல்லவில்லை.