தட்டச்சிட்டவர் யார், பாடியவர் யார்?

சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஒரு நாட்டில் ஒருவர் தட்டச்சிடுவார். இன்னொரு நாட்டில் மற்றவர் மெய்ப்புப் பார்ப்பார். சீறாப்புராணமும் அங்கே உண்டு. உழைத்தவர்களின் பெயரை மின்னூல் முகப்பில் குறிப்பதே அத்திட்டத்தில் எனக்குப் பெரிதாகப் படுவது.

நாங்கள் இதில் பின்தங்கித்தான் நிற்கிறோம். எங்கட பூனாகலையில் ஒரு மாணவி, லயத்தில் அப்பாயி பாடிய தாலாட்டைப் பதிவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினா. நான் எழுத்தாக்கினேன், தூரத்து ஆய்வாளர் ஒருவர் கூகுள் டொக்ஸில் திருத்தினார். கட்டுரை அவர் பெயரில் மட்டும் அச்சானது. அவரை மட்டும் குறைசொல்ல ஏலாது. பாடியவரின் பெயரை நானும் கேட்டு எழுதிவைக்கவில்லை.

இனிக் கூட்டாய்வு செய்வோர் பாடியவர், பதிந்தவர், எழுத்தாக்கியவர், திருத்தியவர் என்ற நான்கு வரிகளை முதலில் எழுதிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.