நெவேரின் நிலவறை

1959இல் வெளிவந்த ‘ஹிரோஷிமா மோன் அமூர்’ படத்தைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் நினைவு, மறதி, காலம் என்றே எழுதுகிறார்கள். இயக்குநர் அலென் ரெனேயின் படத்தொகுப்பைப் பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும். எனக்கு அது ஒரு நிலவறையைப் பற்றிய படம்.

திரைக்கதை மார்கெரித் துராஸ் எழுதியது. ஹிரோஷிமாவுக்குப் படப்பிடிப்புக்காக வந்த பிரெஞ்சு நடிகை ஒருத்தி, அங்கே பழகிய ஜப்பானியனிடம் தன் முதல் காதலைச் சொல்கிறாள். ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த காலத்தில், நெவேர் என்ற ஊரில், அவள் ஒரு ஜெர்மன் சிப்பாயைக் காதலித்தாள். இருவரும் பவேரியாவுக்குப் போவதாக இருந்த நாளில், லுவார் ஆற்றங்கரையில் அவன் சுடப்பட்டான். ஊரார் அவள் தலையை மழித்தார்கள். பெற்றோர் நிலவறையில் அடைத்தார்கள். அங்கேயே அவளுக்கு இருபது வயதானது. மானக்கேட்டில் அப்பாவின் மருந்துக்கடையும் மூடப்பட்டது.

இது கற்பனை மட்டுமல்ல. பிரான்சின் விடுதலையை ஒட்டிச் சுமார் 20,000 பெண்களின் தலை மழிக்கப்பட்டதாக வரலாற்றாய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவர்களில் பலர்மீது சொல்லப்பட்ட குற்றம் காதலே அல்ல. என்ன குற்றமானாலும் பெண் என்றால் கை கூந்தலுக்குத்தான் போனது. (விதவையின் தலையை மழித்த வீடுகள் நம்மிடமும் இருந்தன.)

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது தேநீர் விடுதிக் காட்சியை. செத்துப்போனவனின் இடத்தில் தன்னை வைத்துக்கொண்டு ஜப்பானியன் கேள்வி கேட்கிறான். அவள் அந்த நாளுக்கே போய்விடுகிறாள், அலறுகிறாள். அவன் கன்னத்தில் அறைகிறான். பிறகு, இந்தக் கதை அவள் கணவனுக்கும் தெரியாது, தனக்கு மட்டுமே தெரியும் என்றறிந்து பூரித்துப் போகிறான். இதைக் காதலின் உச்சமாக விமர்சகர்கள் வாசிக்கலாம், என்னால் முடியவில்லை. அவளுடைய துயரம் அவனுக்குச் சொத்தாகிவிட்டது. துராஸுக்கும் இது தெரிந்திருக்கிறது. அதனால்தான் விடுதி அறைக்குத் திரும்பியவள் கண்ணாடி முன் நின்று, நம் கதையை அந்நியனிடம் சொல்லிவிட்டேன் என்று இறந்தவனிடம் குமைகிறாள்.

அம்மாவுக்குப் படத்தில் இடம் மிகக் குறைவு. மகளின் முடி பார்வைக்குத் தகும் நீளம் வளர்ந்த பிறகு, கையில் பணம் கொடுத்து, பாரிசுக்குப் போகச் சொல்கிறாள், இரவோடு இரவாக, சைக்கிளில். காப்பாற்றுகிறாளா, கண்ணுக்கு மறைவாக அனுப்பிவைக்கிறாளா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.  மகள் பாரிஸ் போய்ச் சேரும்போது எல்லாச் செய்தித்தாள்களிலும் ஹிரோஷிமாவின் பெயர். நெவேரில் கடை மறுபடி திறந்திருக்கும்.