கல்லாவை விட்டு எழுந்த முதலாளிகள்

"நான் ஒரு நாள் இல்லையென்றால் கடை ஓடாது" என்று சொல்லும் முதலாளியை ஈரோட்டிலும் பார்க்கலாம், கொழும்புப் புறக்கோட்டையிலும் பார்க்கலாம். சரக்கு எடுப்பது முதல் பையனுக்கு லீவு கொடுப்பது வரை எல்லாம் அவர்தான். அடுத்த கிளையை எங்கே திறப்பது, எந்தச் சரக்குக்கு இனி மவுசு இருக்காது என்று யோசிக்க அவருக்கு நேரமே மிஞ்சுவதில்லை. பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் வழக்கம் இரு நாடுகளுக்கும் பழையதுதான். ஆனால் இரண்டு இடங்களிலும் அது வேறு வேறு பாதையில் வளர்ந்தது.

இரு பாதைகளும் சந்தித்த இடம் கொழும்பின் செட்டியார் தெரு. பிரிட்டிஷ் காலத்தில் அங்கே கொடுக்கல் வாங்கல் நடத்திய நகரத்தார் பலருடைய மூலதனம் செட்டிநாட்டு ஊர்களிலிருந்து வந்தது. முதலாளி ஊரில் இருப்பார். கடையை ஏஜென்ட் நடத்துவார். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, கணக்குப் படித்து, அடுத்தாளாகி, பிறகு மேலாளாக உயர்வது அங்கே முறை. ஏஜென்டின் தவணை வழக்கமாக மூன்று ஆண்டு. சம்பளம் எழுத்தில் பேசப்படும். அதில் ஒரு பகுதியை முன்பணமாகக் கொடுப்பதும், லாபத்தில் பங்கு தருவதும் உண்டு. கடன் கொடுக்கவும் வழக்காடவும் பவர் பத்திரம் அவர் கையில் இருக்கும். ஐந்தொகை தவறாமல் ஊருக்குப் போகும். யாருக்கு எவ்வளவு கடன் என்று முதலாளி தினமும் சொல்ல வழியில்லை. நடுவில் கடல் இருந்தது. அதனால்தான் அதிகாரம், கணக்கு, தவணை, லாபப் பங்கு என நான்கையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டியிருந்தது. முதலாளியின் கவனமோ பர்மாவிலா, மலாயாவிலா, இலங்கையிலா, எங்கே எவ்வளவு முதலைப் போடுவது என்பதில் இருந்தது.

இந்தியாவின் பெருந்தொழில்களில் ஒப்படைப்பு வேறு விதமாக அமைந்தது. பிரிட்டிஷ் காலத்தில் வேரூன்றிய மேனேஜிங் ஏஜென்சி முறையில், பங்குதாரர் பலராக இருந்தாலும் நிர்வாகம் ஒரு ஏஜென்சி நிறுவனத்தின் கையில் இருக்கும். இந்தியக் குடும்பங்களும் அந்த இடத்தைப் பிடித்தன. 1970 ஏப்ரலில் சட்டம் அந்த முறையை ஒழித்தது. ஆனாலும் குடும்பமே முடிவெடுக்கும் பழக்கம் போகவில்லை. குடும்ப வாரிசுகளிடம் நிறுவனத்தை விடாத இன்ஃபோசிஸுக்கும் கைமாற்றம் எளிதாக அமையவில்லை. 1981இல் தொடங்கிய அந்நிறுவனத்துக்கு, நிறுவனர் அல்லாத முதல் தலைமை நிர்வாகியாக விஷால் சிக்கா 2014இல்தான் வந்தார். நிறுவனர்களில் ஒருவரான நாராயண மூர்த்திக்கும் இயக்குநர் குழுவுக்கும் இடையே பகிரங்கமாகப் பூசல் எழுந்தது. 2017 ஆகஸ்டில் சிக்கா விலகினார். இன்னொரு நிறுவனரான நந்தன் நிலேகணி தலைவராகத் திரும்ப வந்தார். 2018 ஜனவரியில் சலீல் பாரேக் தலைமை நிர்வாகியானார். நாற்காலியை விட்டு எழுந்த பிறகும் நிறுவனரின் குரல் எவ்வளவு தூரம் கேட்கலாம் என்பதை முன்பே பேசி முடிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இது பாடம்.

இலங்கையில் தேயிலைதான் ஒப்படைக்கும் பழக்கத்தை வளர்த்தது. தோட்ட முதலாளிகளில் பலர் லண்டனில் இருந்தார்கள். கொழும்பின் ஏஜென்சி ஹவுஸ்கள் அவர்கள் சார்பில் பணத்தையும் ஏற்றுமதியையும் கவனித்தன. தோட்டத்தில் அன்றாட முடிவு பெரிய துரையுடையது. கணக்கப்பிள்ளையும் கங்காணியும் அவருக்குக் கீழே. இவர்களோடு விசிட்டிங் ஏஜென்ட் என்று ஒருவர் உண்டு. அனுபவப்பட்ட தோட்டக்காரரான அவர் அவ்வப்போது வந்து மலையையும் ஃபேக்டரியையும் புத்தகங்களையும் பார்த்து, அறிக்கை எழுதி அனுப்புவார். பெரிய துரையின் வேலையை அவர் செய்யமாட்டார். பார்ப்பதும் சொல்வதும்தான் அவர் பொறுப்பு. நிர்வாகத்தை உத்தியோகத்தரிடம் ஒப்படைக்கும் பழக்கம் பெரிய கம்பெனிகளிலும் நிலைத்தது. 1990இல் ஜான் கீல்ஸ் ஹோல்டிங்ஸின் முதல் இலங்கைத் தலைவரான கென் பாலேந்திரா, உத்தியோகத்தில் படிப்படியாக ஏறி அந்த இடத்துக்கு வந்தவர்.

இலங்கை வழியிலும் குறை உண்டு. 1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992இல் கம்பெனிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. நிலம் அரசிடமே இருந்தது. பொறுப்பு இப்படிப் பல கைகளுக்குப் பிரிந்த இடத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயன் அறையின் கூரை ஒழுகினால் யாரைக் கேட்பது என்று தொழிலாளிக்குத் தெரிவதில்லை. பொறுப்பைப் பிரித்துக் கொடுத்தவர்கள் பதில் சொல்லும் கடமையை யாரிடமும் கொடுக்காமல் விட்டதன் விளைவு அது.

ஆக, இந்தியாவில் முதலாளி விலகியும் விலகாமல் நிற்பது சிக்கல். இலங்கையில் அவர் எட்டாத தூரத்துக்குப் போய்விடுவது சிக்கல். செட்டியார் தெருவின் எழுத்து ஒப்பந்தமும், தோட்டத்து விசிட்டிங் ஏஜென்டின் கண்ணும் ஒரே இடத்தில் சேர்ந்தால் இரண்டுக்கும் மருந்து கிடைக்கும்.

கடை வைத்திருப்பவர்கள் இந்த மாதமே ஒரு பொறுப்பை, கொள்முதலாக இருக்கட்டும், நம்பகமான ஓர் ஆளிடம் ஒப்படையுங்கள். எவ்வளவு ரூபாய் வரை உங்களைக் கேட்காமல் முடிவெடுக்கலாம், எந்தத் தேதியில் கணக்கு வர வேண்டும், லாபத்தில் அவருக்கு என்ன பங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கணக்கு வரும் நாள் வரை குறுக்கே போகாதீர்கள். கணக்கு வந்த அன்று வரி விடாமல் படியுங்கள்.