எருக்கம்பூவும் ஒரு டூப்ளிகேட்டும்

திருப்பூர் நஞ்சராயன் குளக்கரையில் எருக்கம்பூமேல் ஆரஞ்சு நிற வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சி. புழுவாக எருக்கிலை தின்றபோது சேர்ந்த நஞ்சு உடம்பில் இருப்பதால் பறவைகள் அண்டுவதில்லை. அதனால் பறப்பதிலும் அவசரமில்லை. நஞ்சே இல்லாத 'டனைட் எக்ஃப்ளை' வண்ணத்துப்பூச்சியின் பெண் அதே உடுப்பில் வரும். ஆணோ கறுப்பில் வெள்ளை வட்டங்கள். ஜோடி என்றால் யார் நம்புவார்? வரியனையும் டூப்ளிகேட்டையும் பிரித்தறிய பனியன் கம்பெனி செக்கிங் அக்காக்களின் கண் வேண்டும். பின் சிறகின் நடுவே கரும்புள்ளிகள் மூன்று இருந்தால் பெண் வரியன், நான்கென்றால் ஆண். டூப்ளிகேட்டுக்கு நடுவில் ஒன்றுமில்லை. மேல்விளிம்பருகே மட்டும் ஒரு கரும்புள்ளி, ஓரமும் சற்று நெளிநெளியாக இருக்கும். முட்டையிடப் பருப்புக்கீரையைத் தேடித் தரையோடு தாழ்ந்து அலைந்தால், அது எக்ஃப்ளையேதான்.