அளிக்கப்படாத வாக்கின் பொருள்

2025-ஆம் ஆண்டு மே மாதத்தில் மறைந்த மெய்யியலாளர் அலஸ்டர் மெக்கின்டயரின் பெயர், அறநெறி இயல் பயின்றோர்க்குப் புதியதன்று. ஸ்காட்லாந்தில் பிறந்து, மார்க்சியத்தில் தோய்ந்து, பின்னர் கத்தோலிக்கராகி, அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் அவர். 2004-ஆம் ஆண்டு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலையொட்டி அவர் எழுதிய சிறு கட்டுரையை அண்மையில் மீண்டும் படித்தோம். அத்தேர்தலில் அளிக்கத்தக்க ஒரே வாக்கு, எவருக்கும் அளிக்கப்படாத வாக்கே என்பது அதன் முடிபு.

இம்முடிபு சலிப்பில் பிறந்ததன்று. உழைப்பவர் தம் குடும்பத்தைப் பேணத்தக்க ஊதியம் பெற வேண்டும். கருவிலிருக்கும் உயிர் காக்கப்பட வேண்டும். இவ்விரண்டும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை என்கிறார் அவர். தாய் வாழ வழியற்ற சமுதாயத்தில் சேயைக் காப்போம் என்பது வெறுஞ்சொல் அன்றோ? 1891-இல் திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் நியாயமான ஊதியத்தைப் பற்றி எழுதிய நாள் முதல் திருச்சபையின் சமூகப் போதனையில் பயின்ற எவரும் இதனை எளிதில் உணர்வர். ஆனால் ஜார்ஜ் புஷ், ஜான் கெர்ரி ஆகிய இருவரில் எவரிடமும் இவ்விரண்டும் ஒருங்கே இல்லை. ஒருவரை ஒருவர் எதிர்ப்பதாலேயே இரு தரப்பும் உயிர் வாழ்கின்றன என்ற அவருடைய கூற்றை மறுப்பது கடினம்.

மூன்றாமவர் ஏன் எழவில்லை என்று கேட்கலாம். இரண்டு மாநிலங்கள் நீங்கலாக, ஒரு மாநிலத்தில் முந்தியவருக்கே அதன் தேர்வாளர் அனைவரும் சேர்வர் என்பது அந்நாட்டு முறை. 1992-இல் ராஸ் பெரோ ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குப் பெற்றும், 538 தேர்வாளர் வாக்குகளில் ஒன்றும் அவருக்குக் கிட்டவில்லை. 2000-இல் புளோரிடாவில் வெற்றியை முடிவு செய்தவை 537 வாக்குகள். அங்கு ரால்ப் நேடர் பெற்றவையோ 97 ஆயிரத்துக்கும் மேல். தம் மனச்சான்றின்படி வாக்களித்தவர்கள், எதிரியை வெல்லச் செய்தவர்கள் என்ற பழியைச் சுமந்தனர்.

எனவே மெக்கின்டயர் நோயை அறிந்த விதத்தில் நமக்குக் குறையொன்றும் தோன்றவில்லை. மருந்தில்தான் தயங்குகிறோம். அத்தேர்தலில் தகுதியுடையோருள் பத்தில் நால்வர் வாக்களிக்கவில்லை. அவர்களுள் அக்கறையற்றவர் எவர், வேலையை விட்டு வர இயலாதவர் எவர், அறச்சீற்றத்தால் ஒதுங்கியவர் எவர்? வாக்கு எண்ணுவோர்க்கு மூவரும் ஒருவரே. நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த ‘நோட்டா’, முடிவை மாற்றாவிடினும், மறுப்பை மறுப்பாகவேனும் எண்ணிக் காட்டுகிறது. மெக்கின்டயர் பரிந்துரைத்த மௌனத்துக்கோ அந்த எண்ணிக்கையும் இல்லை.

2024 செப்டம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ், அவ்வாண்டு அமெரிக்க வேட்பாளர்கள் இருவரும் உயிருக்கு எதிரானவர்களே என்றார். ஒருவர் புலம்பெயர்ந்தோரை விரட்டுபவர். மற்றவர் கருக்கலைப்பை ஆதரிப்பவர். ஆயினும் வாக்களிக்க வேண்டும், குறைந்த தீமையைத் தேர வேண்டும், அது எது என்பதை அவரவர் மனச்சான்று முடிவு செய்யட்டும் என்றார். நோய் குறித்து இருவரும் ஒத்த கருத்தினரே. மருந்தில் எதிரெதிர் நிற்கின்றனர். திருத்தந்தையின் வழியே நமக்கு ஏற்புடையது. ஆனால் அதிலும் ஓர் இடர் உண்டு: நான்காண்டுக்கு ஒருமுறை குறைந்த தீமையைத் தேர்ந்து பழகியவர், அது தீமை என்பதையே மறந்துவிடக்கூடும்.

இவ்விடத்தில் டாரதி டேயை நினைவுகூர்வது தகும். பெண்களுக்கு வாக்குரிமை கோரி 1917-இல் வெள்ளை மாளிகையின் முன் நின்று சிறை சென்றவர் அவர். அவ்வுரிமை 1920-இல் கிட்டிய பின்னரோ, வாழ்நாளில் ஒருமுறையும் வாக்களிக்கவில்லை என்பர். எனினும் அவருடைய மௌனத்தை அக்கறையின்மை என எவரும் கொள்ளவில்லை. 1933-இல் ஒரு காசு விலையில் ‘கத்தோலிக்கத் தொழிலாளி’ என்னும் இதழைத் தொடங்கினார்; வேலையிழந்தோர்க்கு உணவும் படுக்கையும் அளிக்கும் இல்லங்களைத் திறந்தார். அளிக்கப்படாத அவ்வாக்குக்கு அந்த இல்லங்களே விளக்கவுரையாயின.

மெக்கின்டயரும் இதனை அறியாதவர் அல்லர். 1981-இல் வெளிவந்த அவருடைய புகழ்பெற்ற நூல், புதியதொரு புனித ஆசீர்வாதப்பருக்காகக் காத்திருப்பதோடு முடிகிறது; நல்வாழ்வைப் பேணும் சிறு சமூகங்களை உருவாக்குவதே அதன் கருத்து. 2004-ஆம் ஆண்டுக் கட்டுரையில் விடுபட்ட பகுதி அதுவே. வாக்களிக்க வேண்டா என்றவர், அதற்கு மாறாக எதனைச் செய்வது என்று கூறாமல் நிறுத்திக்கொண்டார்.

தமக்காகப் பேச எவரும் இல்லை என உணர்வோரின் துயர் மெய்யானது. அதனைச் சோம்பல் என்று கடிவது அநீதி. ஆயினும் வாக்குச்சாவடிக்குச் செல்ல மறுத்தவரை ஒன்று கேட்கலாம்: அன்று தாங்கள் எங்குச் சென்றீர்கள்? வாக்களித்துத் திரும்பியவரையும் அதனையே கேட்போம்: மறுநாள் எங்குச் சென்றீர்கள்?