யொஹன்னாவின் நாட்டில் ஹோம்சன்டூ

பின்லாந்தில் மார்ச் 19 கொடி நாள். அன்று காலை எட்டு மணிக்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளின் முற்றங்களிலும் நீலச் சிலுவைக் கொடி ஏறிவிடும். எழுத்தாளர் மின்னா கான்டின் பிறந்தநாள் அது. சமத்துவ நாளும் அதுவே. பெண் எழுத்தாளர் ஒருவருக்காக ஒரு நாடே கொடியேற்றுவது, வெளியிலிருந்து வந்து இங்கே வாழும் என்னைப் போன்றவர்களுக்குச் சின்ன விஷயமல்ல. ஆனால் அவர் எழுதியதை வாசிக்கும்போது கொண்டாட்டத்துக்குள் அடங்காத ஒரு பெண் குறுக்கே வந்து நிற்கிறாள்.

1844இல் பிறந்த கான்ட், 1879இல் கணவரை இழந்தார். ஏழு பிள்ளைகளோடு குவோப்பியோ நகருக்குத் திரும்பி, தந்தையின் நூல்கடையை ஏற்று நடத்தினார். வியாபாரத்துக்கும் பிள்ளைகளுக்கும் நடுவில்தான் எழுதினார். 1885இல் மேடையேறிய ‘தொழிலாளியின் மனைவி’ நாடகம் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது.

கதை எளியது. யொஹன்னா உழைத்துச் சேமித்த பணம், கல்யாணமானதும் சட்டப்படி கணவன் ரிஸ்தோவின் கைக்குப் போகிறது. அவன் குடித்தே அழிக்கிறான். அவள் பொறுத்துப் பொறுத்தே செத்துப்போகிறாள். 1889இல், மனைவி தன் உழைப்பில் ஈட்டுவதைத் தானே நிர்வகிக்கலாம் என்று சட்டம் வந்தது. மனைவிக்குக் கணவனே காப்பாளன் என்ற ஏற்பாடு முற்றாக ஒழிய 1930 ஆயிற்று. இதற்கிடையில் 1906இல் பெண்கள் வாக்குரிமையும் தேர்தலில் நிற்கும் உரிமையும் பெற்றார்கள். அடுத்த ஆண்டே 200 பேர் கொண்ட நாடாளுமன்றத்தில் 19 பெண்கள் அமர்ந்தார்கள். யொஹன்னாவில் தொடங்கி நாடாளுமன்றத்தில் முடியும் இந்த வரலாற்றைத்தான் நாடு தன் பெருமையாகச் சொல்கிறது.

நாடகத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள். ஹோம்சன்டூ, ரோமா இனத்தவள். ரிஸ்தோ அவளையும் ஏமாற்றுகிறான். யொஹன்னா அழுகிறாள், ஜெபிக்கிறாள். ஹோம்சன்டூ துப்பாக்கியை எடுக்கிறாள். குறி தவறுகிறது, கைதாகிறாள். அவளுடைய கடைசிக் கோபம் ரிஸ்தோவையும் தாண்டி, அவனைக் காப்பாற்றும் சட்டத்தின் மீதும் நீதியின் மீதும் பாய்கிறது. நாடகத்தின் மிகக் கூர்மையான அரசியல் இவள் வாயிலிருந்துதான் வருகிறது.

1889ஆம் ஆண்டுச் சட்டம் இவளுக்கு என்ன தந்தது? இவள் யாருக்கும் மனைவியில்லை, காத்துக்கொள்ளக் கூலியுமில்லை. இவளைப் போன்றவர்களைத் தொட்ட சட்டம் வேறு. நாடகத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1883இல் வந்த ஆணை, நிலையான வேலையின்றித் திரிபவர்களைப் பிடித்துக் கட்டாய உழைப்புக்கு அனுப்ப வழிசெய்தது. அதன் வழிவந்த சட்டம் 1980கள் வரை இருந்தது.

கான்டையும் இங்கே விட்டுவிட முடியாது. ஹோம்சன்டூவை அவர் கட்டுக்கடங்காத உணர்ச்சியாகவே வரைகிறார். பொறுமையெல்லாம் வெள்ளைக்காரப் பெண்ணுக்கு, வெறியெல்லாம் ரோமாப் பெண்ணுக்கு. பெரும்பான்மைப் பெண் சொல்லத் துணியாததை விளிம்பில் இருப்பவளைக் கொண்டு சொல்லவைத்து, அதற்கான தண்டனையையும் அவளுக்கே கொடுத்துவிடும் உத்தி இது. சட்டத்தை இவ்வளவு தெளிவாகப் பார்த்த எழுத்தாளருக்கு, யொஹன்னாவின் வீடு தெரிந்த அளவுக்கு ஹோம்சன்டூவின் வீடு தெரியவில்லை.

பின்னிஷ் மொழியில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே சொல், ‘ஹேன்’. இதையும் சமத்துவத்தின் சான்றாக என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். அந்தச் சொல் யொஹன்னாவின் காலத்திலும் இருந்தது. அது அவள் பணத்தைக் காப்பாற்றவில்லை. 16ஆம் நூற்றாண்டிலிருந்து இந்த மண்ணில் வாழும் ரோமாச் சமூகத்தின் பெண்கள், கனமான கறுப்பு வெல்வெட் பாவாடையோடு கடைக்குள் நுழைந்ததும் காவலாளியின் கண் கூடவே நகர்வதை இன்றும் பார்க்கிறேன். விடியும் முன் கிளம்பும் பேருந்தில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யப் போகும் பெண்களில் பலர் வேறு நாடுகளிலிருந்து வந்தவர்கள். மற்றவர்கள் வேலைக்கு வரும்போது தரை துடைத்து முடிந்திருக்கும்.

இந்த நாட்டின் பெண்கள் போராடிப் பெற்ற எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. அவற்றில் பலவற்றை நானும் அனுபவிக்கிறேன். ஆனால் ‘தொழிலாளியின் மனைவி’யை வாசிக்கும் மாணவிகள், யொஹன்னாவுக்கு எப்போது நீதி கிடைத்தது என்று கேட்பதோடு புத்தகத்தை மூடிவிடக் கூடாது. கைதாகிப் போன ஹோம்சன்டூ பிறகு என்ன ஆனாள் என்றும் கேட்க வேண்டும். நாடகம் அதைச் சொல்வதில்லை. கொடி நாள் உரைகளில் அவள் பெயரை நான் கேட்டதுமில்லை.