திறந்த நிரலும் பழைய முதலாளியும்

கிறிஸ் சோயரின் 'டிரான்ஸ்போர்ட் டைக்கூன்' என்னுங் கணினி விளையாட்டு 1994இல் வெளிவந்தது. அதன் மூலநிரலோ பூட்டுக்குள்ளேயே கிடந்தது. லுட்விக் ஸ்ட்ரிகெயஸ் அதன் இயந்திரமொழியைப் பகுத்தாய்ந்து சி மொழியில் மீள எழுதினார். அவ்வாறு 2004இல் பிறந்த 'ஓப்பன்டிடிடி'யை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். வெறும் நகலென இதனை இகழ்வோர் உளர். டாஸ் வழக்கொழிந்த பின்னும் அவ்விளையாட்டு வாழ்வது இந்நகலாலன்றோ! தொடக்கத்தில் மூலத்தின் படங்களையே நம்பியிருந்தது. 2010இல் வந்த 1.0 பதிப்பில் ஆர்வலர் தாமே தீட்டியளித்த படங்கள் போதுமாயின. கூட்டுழைப்பின் பேறு இது.

உள்ளடக்கத்தை நோக்குமிடத்து ஏமாற்றமே மிஞ்சுகிறது. ஆடுபவன் இன்றும் கம்பனி முதலாளி. பயணிகள் நிலக்கரியைப் போல் ஒரு சரக்கு. கூலி கேட்போரில்லை, வேலைநிறுத்தமுமில்லை. நிரலை விடுவித்தோர் தொழிலாளியை மறந்தனர். மூலத்துக்கு உண்மையாயிருத்தலே நோக்கமென்பர்; பூட்டை உடைத்தவர்க்கு அது தக்க விடையன்று.